முப்பது விநாடிக்குள்

மாலை நான்கு மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், நரம்பில் மருந்து ஏற்றும் எங்கள் புதிய பம்ப் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும்.

பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தினாலும், திரையில் தெரியும் அளவும் உள்ளே ஓடும் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று கணிதப்படி நிரூபிப்பது என் வேலை. பம்பை நான் தொடுவதுகூட இல்லை. அது நடந்துகொள்ளும் விதத்தை விதிகளாக எழுதிக் கொடுத்தால், கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான வரிசைகளையும் தேடிப் பார்க்கும். ஒன்று தவறினாலும் சிவப்பு. எதுவும் தவறவில்லை என்றால் பச்சை.

பச்சை வந்து ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் ஒரே ஒரு வரி. 'எண்ணை அடிக்கத் தொடங்கியவர் முப்பது விநாடிக்குள் முடித்துவிடுவார்.' இரண்டு மாதத்துக்கு முன், தேடல் முடியாமல் நாள்கணக்கில் ஓடியபோது, அதைச் சுருக்க நான் சேர்த்த அனுமானம். இரண்டு இலக்கத்துக்கு யார்தான் அரை நிமிடம் எடுப்பார்கள்?

மதியம் மாடிப்படியில் நின்று அண்ணிக்குப் போன் செய்தேன். பதினாறு வருடமாக நர்ஸ்.

"அண்ணி, பம்ப்ல நம்பர் போடும்போது பாதியில விட்டுட்டுப் போவீங்களா?"

"முழுசா போட்ட நாள் ஏதாவது இருக்கான்னு கேளு." சிரித்தார். "ஒண்ணைத் தட்டுவேன், பக்கத்து பெட்ல வாந்தி. ஓடிட்டு வந்தா ஸ்கிரீன் தூங்கியிருக்கும். எழுப்பி மறுபடி முதல்லேருந்து. ஏன், எங்களுக்கு எட்டுக் கைன்னு நெனச்சீங்களா?"

"இல்ல அண்ணி, சும்மாதான் கேட்டேன்."

"உன் சும்மா எனக்குத் தெரியாதா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னேன்.

இருக்கைக்குத் திரும்பி அந்த வரியை நீக்கிவிட்டு ஓடவிட்டேன். தவறு இல்லை என்று காட்டத்தான் நாள் பிடிக்கும். இருந்தால் சீக்கிரம் அகப்பட்டுவிடும். பதினோரு நிமிடத்தில் சிவப்பு. ஒன்றை அழுத்தி விட்டுப் போனால் முப்பது விநாடியில் திரை அணைகிறது. எழுப்பினால் பூஜ்யம் காட்டுகிறது. ஆனால் அந்த ஒன்று உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு பன்னிரண்டு என்று அடித்தால், திரையில் 12. உள்ளே 112.

அச்செடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். ஆபீசில் அவருக்கு 'ஸ்பீடு சார்' என்று பெயர்.

"இப்படியெல்லாம் நடக்கவே நடக்காதும்மா. மேனுவல்ல, நடுவுல நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி சேத்துடலாம்."

வாதாடி அவரிடம் நான் ஜெயித்ததே இல்லை. சோதனை அறையிலிருந்து பம்பையும், தண்ணீர்ப் பையையும், அளவுக் குடுவையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"பன்னிரண்டு போடுங்க சார்."

ஒன்றைத் தட்டினார்.

"சார், திங்கட்கிழமைன்னு தேதி முடிவு பண்ணது யாரு?"

அது போதும். தலைமை அலுவலகத்தைக் கரித்துக்கொட்டத் தொடங்கினார். திரை அணைந்தது.

"அட, தூங்கிடுச்சே." எழுப்பி, பன்னிரண்டு அடித்து ஓடவிட்டார்.

திரையில் 12. குழாயில் துளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தன. அவர் திரையைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"டெஸ்ட்ல பாஸ் ஆச்சே?"

"டெஸ்ட் பண்ணவங்க யாரும் பாதியில எழுந்து போகல சார்."

"அது சரி. நீ பச்சைன்னு சொன்னியே?"

ஒரு வாரமாக நான் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். புரோகிராம் எழுதியவர்கள் தவறு என்று சொல்லிவிடலாம், அதுவும் உண்மைதான். என் வரியை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. நீக்கியாகிவிட்டது.

"நான் ஒரு அனுமானம் சேத்திருந்தேன் சார். நடுவுல யாரும் நிறுத்த மாட்டாங்கன்னு. பச்சை வரணும்னு."

பம்பை நிறுத்தினார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை?"

"ஆறு."

"கதவைச் சாத்திட்டு உக்காரு. ஒண்ணொண்ணா சொல்லு. எதை நம்பி நீ எழுதினேன்னு சொல்லு."

உட்கார்ந்தேன். முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அது ஏன் நியாயமாகத் தோன்றியது என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.