கை தூக்கியவள்

எனெலெசியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் நியிரோங்கோவின் மேசைக்கு முன்னால் நின்றபடியேதான் பேசினாள். பக்கத்தில் வெஸி, கைக்குழந்தையை முதுகில் துணியால் கட்டியிருந்தாள். போன வருடத்துச் சீருடை அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"பிள்ளை பெத்தவளுக்கு எட்டாங்கிளாஸ்ல என்ன வேலை? இவளைப் பார்த்து மத்த பொண்ணுங்களும் கெட்டுப்போகும்," என்றார் அவர்.

"திரும்பச் சேர்த்துக்கணும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு, சார்."

"அரசாங்கம் அங்க தலைநகர்ல, லிலோங்வேயில இருக்கு. இங்க நான் இருக்கேன்."

ஏரிக்கரை ஊர்களில் தாய்மார் குழு தொடங்கியதிலிருந்து எனெலெசிக்கு இது பழகிப்போன பேச்சு. மீன் காயவைக்கும் மேடைகளிலும் சாராயக் கடைகளிலும் படிப்பை விட்ட பிள்ளைகளைத் தேடி அலைவாள். 'பிள்ளை பிடிக்கிறவ வந்துட்டா' என்று கேலி செய்வார்கள். அவள் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பாள். நின்றே பாதிப் பேரை மீட்டிருக்கிறாள்.

"சரி சார். இந்தக் கைக்குழந்தையோட அப்பனும் அதே கிளாஸ்லதானே இருக்கான்? காலையில மணி அடிச்சதே அவன்தான். அவனைப் பார்த்து எந்தப் பையனும் கெட்டுப்போகலையா?"

நியிரோங்கோவின் முகம் இறுகியது. "அப்படின்னா அவனையும் வெளிய அனுப்பிடுறேன். திருப்தியா?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த வெஸி நிமிர்ந்தாள். "அவனை அனுப்ப வேண்டாம் சார். நான் உள்ள போகணும். அவ்வளவுதான்."

முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை எனெலெசியிடம் கொடுத்தாள். "அக்கா, கொஞ்சம் பிடிங்க." அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. மைதானத்தின் குறுக்கே விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏய், நில்லு!" என்று கத்திக்கொண்டே நியிரோங்கோ மேசையைச் சுற்றி வந்து பின்னால் ஓடினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் பெஞ்சு எதிலும் இடமில்லை. யாரும் நகர்ந்து கொடுக்கவுமில்லை. மணி அடித்தவன் தலையைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டான். வெஸி கரும்பலகைக்கு நேர் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கணக்கு வாத்தியார் பின்னக் கணக்கு ஒன்றை எழுதிவிட்டு, "யார் செய்வீங்க?" என்று அப்போதுதான் கேட்டிருந்தார்.

வெளியே குழந்தை வீறிட்டது. எனெலெசி தட்டித் தட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை. அந்த அழுகை கேட்ட மாத்திரத்தில் வெஸிக்குப் பால் சுரந்து, சட்டையின் முன்புறம் ஈரம் பரவியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெஸி கையால் மறைத்துக்கொள்ளவில்லை. குனியவுமில்லை.

வாசலில் மூச்சு வாங்க நியிரோங்கோ. "எழுந்திரு!"

அவள் எழவில்லை, வாத்தியாரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். சாக்பீஸோடு நின்ற வாத்தியார் வாசலைப் பார்த்தார், பிறகு தரையிலிருந்து நேராக உயர்ந்து நின்ற அந்தக் கையைப் பார்த்தார்.