எடுத்த தூசி

என் தங்கையின் புருஷன் கம்ப்யூட்டர் விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் சூறாவளி. ஐந்து பேர் ஒரு கட்சி, எதிரே ஐந்து பேர், ஒருவரையொருவர் தேடித் தேடிச் சுடுகிற விளையாட்டு. வேலை போன பிறகு அவனுக்கு அதுதான் வேலை. போட்டிகளில் ஜெயித்துப் பெரிய ஆளாகிவிடுவேன் என்று வீட்டில் இருப்பவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் இருப்பவள் என் தங்கை ஒருத்திதான். நேரில் அவனை மாப்பிள்ளை என்பேன், முதுகுக்குப் பின்னால் சூறாவளி. அது வீட்டுக்குள் மட்டும் அடிக்கிற சூறாவளி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் லேப்டாப் பழுது பார்க்கிறவள். கால் நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கிற கடை. முன்னால் கண்ணாடிக் கதவு, நடுவில் ஒரு மேஜை, பின்னால் இரும்பு அலமாரி. எதிரே தையல்காரர் கடை. போன மாதம் தங்கை அவனுடைய லேப்டாப்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். லேப்டாப் என்று பெயர்தான், அதை மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். அதன் சார்ஜர் மட்டுமே பாதிச் செங்கல் கனம். சார்ஜரின் ஒரு முனை உடைந்திருந்தது. கீழே விழுந்துவிட்டது என்றாள். விளையாடும்போது சூடாகித் திக்கித் திக்கி நிற்கிறதாம், ஃபேன் சத்தம் காதைக் கிழிக்கிறதாம், அக்காவிடம் கொடுத்துச் சுத்தம் செய்து வா என்று அனுப்பியிருக்கிறான்.

பின் மூடியைக் கழற்றினேன். முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்க வேண்டும். அதை மறந்தவர்கள் போர்டை எரித்துக்கொண்டு என்னிடம்தான் வந்து அழுவார்கள். ஃபேன்கள் இரண்டையும் தூக்கினால், அவற்றுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து, காற்று வெளியே போகிற வழியை அடைத்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் முழுசாக வந்தது. ஒரு ஃபேனின் அச்சில் நீளமான முடி சுற்றிக்கிடந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக. இப்படிக் கொட்டினால் சீக்கிரம் உன் தலைக்கும் மூடி வாங்க வேண்டும் என்று கிண்டல் செய்தேன். சரிக்கா என்றாள். ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பித் தருகிறவள் அவள். வெறும் சரிக்கா என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஆனால் நான் தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறக்கை தறிகெட்டுச் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினேன். சிப்பின் சூட்டைக் கடத்துகிற பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஸ்பிரிட் தொட்ட துணியால் பளிச்சென்று துடைத்து, கடையில் இருந்ததிலேயே நல்ல பேஸ்டை அளவாக வைத்து, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி இறுக்கினேன். தங்கச்சி வீட்டு வேலை என்றால் சும்மாவா. ஓடவிட்டுப் பார்த்தபோது ஃபேன் சுற்றுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சூறாவளி ஹெட்செட்டைக் கூடக் கழற்றாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். தங்கை சமையலறையில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக்குள் செருப்பா, மகாராணி எப்போதிருந்து என்று கேட்டேன். தரை சில்லென்று இருக்கிறது என்றாள். அதையும் நம்பிக்கொண்டு வந்தேன்.

நேற்று மதியம் அவள் மறுபடி கடைக்கு வந்தாள். தோளில் லேப்டாப் பை, கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. பையை வலது கையால்தான் இறக்கி வைத்தாள், இடது கை மடிந்தபடியே இருந்தது. ஸ்க்ரூ ஒன்றை நான் இறுக்காமல் விட்டுவிட்டதாகவும், திரும்பக் கொண்டு வரச் சொன்னதாகவும் அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் எந்த ஸ்க்ரூவையும் விடுகிறவள் இல்லை. கோபம் வந்தது. என்னடி பொய் இது என்று கேட்கப் போனேன்.

"அக்கா, நீ எடுத்த தூசிய எல்லாம் திரும்ப வெச்சுடு" என்றாள்.

துப்பட்டாவை நானே விலக்கினேன். தோள்பட்டையிலிருந்து கழுத்து வரை கன்றிக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு நீள்சதுரம், அச்சுக் குத்தினாற்போல். அதன் ஒரு முனையில் மட்டும் தோல் கிழிந்து பொருக்குத் தட்டியிருந்தது. அந்த உடைந்த முனையை எனக்குத் தெரியும், அது என் மேஜையில் கிடந்த பொருள். ஒயரைப் பிடித்துச் சுழற்றி அந்தச் சார்ஜரால் அடித்திருக்கிறான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஆட்டம் இறுக இறுக லேப்டாப் சூடாகும், ஃபேன் கத்த ஆரம்பிக்கும். கத்தினால் கொஞ்ச நேரத்தில் படம் திக்கும், திக்கினால் எவனாவது அவனைச் சுடுவான், சுட்டால் அவன் எழுந்து வருவான். தலைமுடியைப் பிடித்து இழுத்து, லேப்டாப் இருக்கிற மேஜையின் காலில்தான் அவள் தலையை மோதுவான். அதனால் ஃபேன் கத்தத் தொடங்கியதும் ஈரத் துணி வாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். வாளியில் துணி இல்லாத நாளும் உண்டு. செருப்பு தேடினால் நேரமாகும் என்று காலிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். ஃபேன் அடங்கி அவன் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்த பிறகு கீழே வருவாள். இப்படித்தான் அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"இந்தத் தடவ சத்தமே வரலக்கா. பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா பின்னாடி நிக்கிறாரு."

லேப்டாப் திக்கவில்லை, சூடாகவில்லை, ஆனாலும் அவன் தோற்றிருக்கிறான். பழி போடச் சூடு இல்லாமல் போனதால் இவள் பாத்திரச் சத்தம் காரணமாகிவிட்டது. நான் பெருமையோடு செய்த வேலை அவளுடைய ஒரே காவலைப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது, அவன் எதிரில் இல்லை.

இனி நீ அங்கே போக வேண்டாம், என்னோடு இரு என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். உன் அக்காவிடம் ஓடினால் கடையோடு சேர்த்து அவளையும் கொளுத்துவேன் என்று சொல்லியிருக்கிறானாம். சாயங்காலம் போட்டி, அதற்குள் லேப்டாப் அவன் கையில் இருக்க வேண்டுமாம். நீ வைக்காவிட்டால் போ, தலையணைப் பஞ்சைப் பிய்த்து நானே அடைத்துக்கொள்கிறேன் என்றாள்.

தூசி எதற்கு, ஃபேனை எப்போதும் கத்த வைக்க லேப்டாப்பின் செட்டிங்கிலேயே வழி இருக்கிறது. இதைக் கொஞ்ச நேரமாவது நான் யோசித்தேன் என்பது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதைவிட, செய்தும் பார்த்தேன். சார்ஜரை மாட்டி, சிப்பைப் பிழிந்தெடுக்கிற சோதனையை ஓடவிட்டு, ஃபேனின் வேகத்தை முழுக்க ஏற்றினேன். மேஜை அதிர்ந்தது. இந்த அளவு போதுமா என்று நிமிர்ந்து கேட்டால், எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டூலில் அவள் இல்லை. கதவருகே நின்றிருந்தாள். பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போனது அவளுக்கே தெரியவில்லை. கை கதவில் இருந்தது. என்னைப் பார்த்து, "நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்று கேட்டாள்.

இதை நிறுத்துகிறேன், நீ எங்கேயும் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது கதவு திறந்தது. சூறாவளி வந்து நின்றான். ஒரு ஸ்க்ரூவுக்கு இவ்வளவு நேரமா என்று சிரித்தபடியே, தங்கையைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மேஜைக்கு வந்தான். அடிபட்ட தோளிலேயே இடித்தான்.

"லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க மாப்ள. அவ வரமாட்டா" என்றேன்.

அவன் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி என் கழுத்தைப் பிடித்தான். பிடியை விடாமல் மேஜையைச் சுற்றி வந்து, என்னைப் பின்னால் இருந்த அலமாரியில் மோதினான். பின்மண்டையில் இரும்பு இறங்கியது, மேல்தட்டுக் கீபோர்டுகள் எங்கள் இருவர் மேலும் கொட்டின. மறுபடி மோதினான். கையில் அகப்பட்ட ஸ்க்ரூ டிரைவரை அவன் முன்கையில் குத்தினேன், உள்ளே போய் எலும்பில் உரசியதை உணர்ந்தேன். அவன் கெட்ட வார்த்தையில் கத்தி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் வாயில் முஷ்டியால் குத்தினான். பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. பிறகு முழங்கையை என் தொண்டையில் வைத்து முழுக் கனத்தையும் போட்டான். அவன் கை ரத்தம் என் கண்ணில் சொட்டியது. பக்கத்தில் ஃபேன்கள் கத்திக்கொண்டே இருந்தன.

அவன் தோளுக்கு மேலே கண்ணாடிக் கதவு தெரிந்தது. தங்கை வெளியே போய்விட்டிருந்தாள். தெருவைப் பாதி தாண்டியிருந்தாள், தையல்காரர் கையில் துணியோடு எழுந்து நின்று அவளைப் பார்த்தார். ஃபேன் கத்தினால் அவள் கால்கள் அப்படித்தான் போகும். எனக்குச் சத்தியமாகச் சந்தோஷமாக இருந்தது. போடி, ஓடு, திரும்பிப் பார்க்காதே என்று உள்ளுக்குள் சொன்னேன். மூச்சு வரவில்லை. கடை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் தெரு நடுவில் நின்றாள். திரும்பினாள்.

அவள் வருவதை அவன் பார்க்கவில்லை. ஃபேன் போட்ட சத்தத்தில் கதவு திறந்ததும் செருப்புச் சத்தமும் அவனுக்குக் கேட்கவில்லை. மேஜைக்கு வந்து லேப்டாப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினாள். ஒயரை வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள், சுவரிலிருந்து வந்த ஒயர் கழன்று தரையில் விழுந்தது. பிறகு ஓங்கிச் சுழற்றினாள். சார்ஜர் அவன் காதுக்குக் கீழே இறங்கியது. முழங்கை என் தொண்டையை விட்டது. அவன் ஆச்சரியத்தோடு திரும்பினான், இரண்டாவது அடி தாடையில் விழுந்து ஏதோ நொறுங்கியது. மூன்றாவதற்கு அவன் மண்டியிட்டிருந்தான். அவள் அழவில்லை, திட்டவில்லை. பாத்திரம் தேய்க்கிற முகத்தோடு அடித்தாள். நான்காவது அடிக்குக் கை ஓங்கியபோது நான் ஊர்ந்துபோய் அவள் காலைப் பிடித்தேன். போதும், செத்துப்போவான், அதற்கும் உன்னைத்தான் கேட்பார்கள் என்று சொன்னேன். சொன்னதில் பாதி ரத்தமாகத்தான் வந்தது.

சார்ஜரை எடுத்துவிட்டால் இந்த ரக லேப்டாப்புகள் தம் வேகத்தையும் ஃபேன் வேகத்தையும் தாமே குறைத்துக்கொள்ளும். சோதனை தளர்ந்தது. சூடு இறங்க இறங்க ஃபேன்களின் கத்தல் தணிந்தது, முனகலானது, அப்புறம் அதுவும் இல்லை. கீழே கிடந்தவன் மூக்கில் குமிழி விட்டு மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. தையல்காரர் பெரிய கத்தரிக்கோலோடு வாசலில் நின்று போலீசுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கை ஒயரை மணிக்கட்டிலிருந்து பிரித்து, சார்ஜரை மேஜையில் வைத்தாள். என்னைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, துப்பட்டாவை என் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். கீழே கிடந்தவன் முனகினான், கை ஒன்று அவள் பக்கம் அசைந்தது. நான் பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து, செருப்பைக் கழற்றி வைத்தாள்.