டார்ச் செல்லைத் திருப்பிப் போட்ட கதை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து ஐந்தாம் பக்கத்தில் எடுத்துக் காட்டும் அளவுக்கு அதில் பெருமை ஒன்றுமில்லை. போன மாதம், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் எலெக்ட்ரிக் கடையில் நின்றுகொண்டு நான் சத்தம் போட்டேன். அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு செல் போடும் பழைய எவர்சில்வர் டார்ச் ஒன்று உண்டு. அதன் வெளிச்சம் மங்கி மங்கிச் சுக்குக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு வாங்கிப் போட்டேன். எரியவில்லை. மறுநாள் டார்ச்சோடு கடைக்குப் போய், "ஃபியூஸ் போன பல்பையா விக்கிறீங்க?" என்று கடைக்காரர் அப்துல் சுக்கூரிடம் எகிறினேன். அவர் டார்ச்சின் அடிமூடியைத் திருகினார். செல் இரண்டையும் கையில் சரித்து, திருப்பி உள்ளே போட்டார். பொத்தானைத் தள்ளினார். கடையின் உட்சுவர் வரை வெள்ளை வெளேரென்று ஆனது.

"சார், குண்டு பல்புக்கு முன்னயும் தெரியாது, பின்னயும் தெரியாது. செல்ல எப்படிப் போட்டாலும் எரியும். எல்இடி அப்படி இல்ல. குமிழு பல்பப் பாத்து இருக்கணும்."

இருபது வருஷமாக எங்கள் வீட்டில் செல்லைத் தலைகீழாகத்தான் போடுகிறோம். அடிமூடியின் ஸ்பிரிங் தளர்ந்துபோனதால், செல்லின் குமிழ் அதற்குள் போய்ப் பதிந்தால் பிடிமானமாக இருக்கும் என்று யாரோ செய்த ஏற்பாடு. (யாரோ இல்லை. நான்தான்.)

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். கருப்பு புர்கா, கையில் ஒரு பழைய டார்ச். அவர் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "முட்டை பாக்கணும் பாய். எனக்கும் இதே மாதிரி வெள்ளை வெளிச்சமா ஒண்ணு குடுங்க" என்றார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதில் பெரும்பாலும் புளுகு.

2.

தொடக்கங்கள்.

"ஃபாயிஸாவின் கோழிகள் சித்திரையில் செத்தன." (சாவில் தொடங்கினால் வாசகர் உஷாராகிவிடுவார். வேண்டாம்.)

"பேகம்பூரின் மொட்டை மாடிகளின் மேல் சூரியன்—" (நான் எழுதாவிட்டாலும் அது வரும்.)

"ஒன்பது முட்டை." இது பரவாயில்லை.

ஒன்பது முட்டை. ஒற்றைப்படையில்தான் அடை வைக்க வேண்டும் என்பது ஃபாயிஸா வீட்டு வழக்கம். பத்தாவதை அன்றைக்கே அவித்துத் தின்றாயிற்று. பேகம்பூரில், தன் வீட்டு மொட்டை மாடியில், கம்பிவலைக் கூண்டு வைத்து நாட்டுக்கோழி வளர்க்கிறாள் அவள். (பேர் நான் வைத்தது. முப்பத்தெட்டு வயதும் நான் கொடுத்தது. கூண்டும் என்னுடையது என்றாலும், அதைக் கழுவுவது அவள்தான்.)

சித்திரையில் வெள்ளைக் கழிச்சல் வந்து பன்னிரண்டு கோழியில் பதினொன்றை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது ஒரு செவலைப் பெட்டை. சேவல்தான் கடைசியாகச் செத்தது. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் செவலை இட்ட முட்டைகள் இவை. உயிர் தரித்ததா, வெறும் கூமுட்டையா என்று யாருக்கும் தெரியாது.

அவள் கணவன் இஷாக் தோல் பதனிடும் இடத்தில் தரம் பிரிப்பவன். ஆட்டுத்தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டையும் கீறலும் பார்த்து ஒதுக்குவது வேலை. பொல்லாதவன் இல்லை. செத்த கோழிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் புதைத்தவன் அவன்தான். அந்தப் பத்து நாளும் ஃபாயிஸா அழுததை இன்னொரு முறை பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

"இந்த ஈட்டுல ஒரு முட்டையிலயாச்சும் உசுரு இருந்தா கூண்டு இருக்கட்டும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை பிரிச்சிருவோம். நீ அழுவுறத என்னால பாக்க ஏலாது" என்றான்.

"வெள்ளிக்கிழமைதான் அடை வெச்சு ஏழாம் நாளு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள்.

அந்த வீட்டில் மற்றதெல்லாம் எல்லோருக்கும் பொது. கோழி மட்டும் அவளுடையது. அவள் குரலைக் கேட்டதும் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிற உயிர் அந்த வீட்டில் வேறு ஏது? கூண்டும் போய்விட்டால், துணி காயப்போடுவதற்கு மட்டும்தான் அவள் மாடி ஏற வேண்டும்.

ஏழாம் நாள், இருட்டில், முட்டையின் அகன்ற பக்கத்தில் டார்ச்சை வைத்தால், உயிருள்ள முட்டையில் சிவப்பு நூல் ஓடியது போல நரம்பு தெரியும். வியாழக்கிழமையே அவள் பொறுக்காமல் பழைய டார்ச்சில் பார்த்தாள். ஒன்பதும் ஒரே மங்கல் மஞ்சள். அன்று மாலைதான் எலெக்ட்ரிக் கடைக்கு வந்தாள்.

3.

இந்த இடத்தில் கதை பதினோரு நாள் நின்றது. காரணம் என் மனைவி நான்சி. எழுதியவரை படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, அந்தம்மாகிட்ட ஃபோன் இல்லையா? அதுல லைட்டு இருக்குமே."

நீங்களும் அப்போதே இதை நினைத்திருப்பீர்கள், மரியாதைக்காகக் கேட்கவில்லை. நான்சிக்கு என்னிடம் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. கடைசியில் ஃபாயிஸாவின் ஃபோனைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியில் தூக்கிப் போட்டேன்.* இப்போது அதில் பேசலாம், லைட் எரியாது.

"சரி, புருசன் ஃபோனு?"

இதற்குப் பதில் ஃபாயிஸாவிடம் இருந்தது. இஷாக்கின் கண், குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற கண். அந்தக் கண் முதலில் பார்க்க வேண்டாம். தான் பார்க்க வேண்டும், தன் டார்ச்சில், தன் கையால். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

(* கதைக்கு இடைஞ்சலான பொருளை உடைத்துப் போடுவது எங்கள் தொழிலில் சகஜம். ஃபோனுக்கு நான் பொறுப்பு.)

4.

பிறகு ஓர் அற்பக் காரியம் செய்தேன். என் தப்பைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை. இஷாக் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். மாடிப்படிக்குக் கீழே மோட்டார் அறை. கதவைச் சாத்தினால் நட்டநடுப் பகலிலும் கும்மிருட்டு. ஃபாயிஸா புது பல்பை மாட்டினாள். பொத்தானைத் தள்ளினாள். எரியவில்லை. உள்ளங்கையில் தட்டினாள். எரியவில்லை. பல்பே செத்தது என்று முடிவு கட்டினாள். இனி யாரிடம் போய்க் கேட்பது? இஷாக் வருகிற நேரம். எல்லாம் முடிந்தது என்று முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கமாக—

தாளை நான்சி பிடுங்கிவிட்டாள்.

"உங்களுக்குக் கிறுக்கா? அந்தம்மா உங்க பக்கத்துலயே நின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்கள்ல? சுக்கூர் பாய் செல்லத் திருப்புனத அதுவும் பாத்திருக்குமே!"

பார்த்திருப்பார்தான். கடையில் பட்ட அவமானத்தை நான் ஒரு மாதமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். என் முட்டாள்தனம் பக்கத்தில் நின்ற ஒருவருக்குப் பாடமாக உதவியிருக்கும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. என் வெட்கத்தைத் துடைத்துக்கொள்ள ஒன்பது முட்டையைச் சாக்கடையில் கொட்டப் பார்த்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் பக்கத்தை அடித்தாயிற்று. அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அப்படியே விட்டிருக்கிறேன்.

5.

வெள்ளிக்கிழமை. மோட்டார் அறை. கதவு சாத்தியிருக்கிறது.

ஃபாயிஸாவின் டார்ச்சிலும் செல் தலைகீழாகத்தான் கிடந்தது. (ஊரில் பாதி டார்ச் அப்படித்தான். என்னை மட்டும் சொல்லாதீர்கள்.) கடையில் கத்திக்கொண்டிருந்த சாரை நினைத்து லேசாகச் சிரித்துக்கொண்டே இரண்டு செல்லையும் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் வந்தது, போனது, வந்தது. ஸ்பிரிங் தளர்ச்சி. சமையலறைக்குப் போய், முந்தின நாள் பிரியாணிப் பார்சல் சுற்றி வந்த வெள்ளித்தாளில் ஒரு துண்டு கிழித்து, நாலாக மடித்து, ஸ்பிரிங்குக்கும் செல்லுக்கும் நடுவில் திணித்து மூடியை இறுக்கினாள். அதன் பிறகு வெளிச்சம் அசையவில்லை.

பழைய பல்பு போல இது ஒரே இடத்தில் குவியவில்லை; நாலா பக்கமும் சிதறிக் கண்ணைக் கூச வைத்தது. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, டார்ச் வாயில் வைத்து, அதன் மேல் முட்டையை உட்கார வைத்தாள். மிச்ச வெளிச்சம் கைக்குள் அடங்கியது.

முதல் முட்டை. தெளிவாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒன்றுமில்லை.

மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மங்கலில் தெரியாமல் இருந்தபோது ஒரு நம்பிக்கையாவது இருந்தது. இந்த வெளிச்சம் இல்லாததை இல்லை என்று பட்டவர்த்தனமாகக் காட்டியது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

நான்காவது முட்டைக்குள் சிவப்பாக, மயிரிழை மயிரிழையாக, நரம்பு பிரிந்து ஓடியது. நடுவில் மிளகளவு ஒரு கருப்பு. அது துள்ளியது.

"யா அல்லாஹ்" என்றாள் ஃபாயிஸா, ரொம்ப மெதுவாக, அதை எழுப்பிவிடக் கூடாதென்பது போல.

வாசலில் செருப்புச் சத்தம். "எங்க இருக்க?" என்றான் இஷாக்.

"இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க. வந்துட்டுக் கதவச் சாத்துங்க."

தலையில் தொப்பியோடு குனிந்து உள்ளே வந்தான். அவள் முட்டையைக் காட்டினாள். தோலைப் பார்ப்பது போலவே ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் குனிந்து சொன்னான்:

"நரம்பு ஓடியிருக்கு."

வேலையிடத்தில் அவன் அதைச் சொன்னால் தோலின் தரம் ஒன்று இறங்கும். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"அப்ப கூண்டு?"

"அது கெடக்கட்டும். அடுத்தத எடு" என்று கையை நீட்டினான்.

6.

இனி ஐந்து முட்டை பாக்கி. நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஐந்திலும் உயிர், நான்சி நம்பவில்லை. இன்னொன்றில் நான்காவது மட்டும் பொரிந்து, அதுவும் சேவலாக வளர்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது. மூன்றாவது உங்களுக்கு வேண்டாம்.

நேற்றுச் சுக்கூர் பாய் கடைக்குப் போய், அந்த அம்மா மறுபடி வந்தாரா என்று கேட்டேன். "வரல சார்" என்றார். பிறகு, "பல்பத் திருப்பியும் கொண்டாரல. அப்ப நல்லா எரியிதுன்னு அர்த்தம்" என்றார். எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதை நான் முழுசாக நம்புகிறேன்.

ஆகவே மீதியை நீங்கள் பாருங்கள். கூடை இதோ. டார்ச் இதோ. செல்லைக் கழற்றினால் குமிழ் பல்பைப் பார்த்து இருக்கும்படி போடுங்கள். மற்றத் தப்புகளை உங்களுக்காக நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன். விரலை வளையமாக வையுங்கள், முட்டையை மெதுவாக உட்கார வையுங்கள். இஷாக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மாடியில் செவலை கொக்கரித்துக்கொண்டு கூட்டைச் சுற்றி வருகிறது. சீக்கிரம் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள், முட்டை ஆறிவிடும்.