மணிமேகலைக்குப் பிடித்த காலணி

கிழக்கே சிறுமலை தன் நீலப் போர்வையை மெல்ல விலக்கிக்கொண்டு எழுந்து நிற்க, ஊர் நடுவே ஒற்றைப் பெரும்பாறை தன் தலைமேல் கோட்டையைச் சுமந்தபடி முதல் வெயிலை ஏற்க, மேற்கே கொடைமலைத் தொடர் இன்னும் பனிக்குள்ளேயே உறங்கிக் கிடக்க, இவற்றிடையே விரிந்த வெளியெங்கும் தென்னந்தோப்புகளும் முருங்கைக் கொல்லைகளும் மல்லிகைத் தோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கண்விழிக்கும் தைத்திங்கள் இளங்காலையை, அன்பரே, திண்டுக்கல்லில் ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். அந்நேரத்தில் தாடிக்கொம்புப் பக்கமிருந்து பூக்கூடைகள் சந்தைக்கு விரையும். பேகம்பூர்ப் பக்கமிருந்து பதனிட்ட தோலின் வாடை எழுந்து வரும். பூமணமும் தோல்வாடையும் ஒரே காற்றில் கைகோத்து உலவும் ஊர் இது. பூவைப் பாடியவர் பல்லாயிரவர் உளர். தோலைப் பாடத்தான் ஆளில்லை. அக்குறையை இக்கதை சிறிதேனும் தீர்க்கட்டும்.

கொடைரோடு செல்லும் பெருவழியினின்று சற்றே விலகி, மலையடிவாரத்தில், சகாயராஜ் என்பவர் ஒரு குதிரைப் பயிற்சிக் களம் நடத்தி வந்தார். மரக்கழிகளை அடுக்கி எழுப்பிய தடைகளைக் குதிரையும் ஆளும் ஓருடலாய்த் தாவிக் கடக்கும் தடைதாண்டல் விளையாட்டுக்கு அங்கே பயிற்சி நடந்தது. அக்களத்தின் முதன்மை வீராங்கனை மணிமேகலை. தாடிக்கொம்பில் கனகாம்பரம் பயிரிடும் குடியில் பிறந்து, குதிரையென்றால் ஊர்வலத்தில் வருவது என்று மட்டுமே அறிந்திருந்த வீட்டாரை வியக்க வைத்து, இருபத்தாறு அகவைக்குள் இரண்டு வெள்ளிப் பதக்கம் வென்றவள். கார்முகில் என்னும் கரிய பெண்குதிரையைக் குட்டிப் பருவம் கடந்த நாள்முதல் நான்காண்டுகளாய் அவளே பழக்கினாள். அதன் காது திரும்பும் திசையைக் கொண்டே அதன் மனத்தை அறிவாள்.

அத்தகைய குதிரை, கடந்த கோடையிலிருந்து தடைமுன் நிற்கத் தொடங்கியது. பாய்ந்து வரும், கண்கள் ஒளிரும், தாவ வேண்டிய நொடியில் நான்கு கால்களையும் மண்ணில் ஊன்றி நின்றுவிடும். சகாயராஜ் நல்லவர், ஆனால் ஒரு முடிவை எடுத்துவிட்டால் அதைத் தம் பிள்ளைபோல் பேணுபவர். இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறன்று தம் கண்முன்னே பதினொரு தடைகளையும் கார்முகில் நில்லாது கடந்தால் அது கோவைப் போட்டிக்குப் போகும். ஒரு தடையில் நின்றாலும், மணமகன் ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்பும் ஒருவரிடம் போகும் என்று உரைத்துவிட்டார். வெடியோசை கேட்டாலே உடல் நடுங்கும் அவ்வுயிரை வாணவேடிக்கைகளின் நடுவே நிறுத்துவதை நினைக்கவும் மணிமேகலையால் இயலவில்லை. குதிரைக்கு அச்சமில்லை, அதற்கு எங்கோ வலிக்கிறது என்று அவள் மன்றாடினாள். புதுச் சேணமும் புதுக் காலணியும் வாங்கிக்கொள்ள இசைந்த சகாயராஜ், அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்க மறுத்தார்.

அவள் நாடிச் சென்றது பேகம்பூர் சௌகத் அலியின் பட்டறையை. கடல்கடந்த நாடுகளின் வீரர்கள்கூட முறை வைத்துக் காத்திருந்து சேணம் வாங்கும் பட்டறை அது. சௌகத் அலி தாமே களத்துக்கு வந்தார். வளையும் ஈயப்பட்டை ஒன்றைக் கார்முகிலின் முதுகின்மேல் மூன்றிடங்களில் படிய வைத்து, அவ்வளைவுகளைத் தடித்த தாளில் வரைந்துகொண்டார். பின்பு விரல்நுனிகளால் முதுகை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தவர், கழுத்து முடிந்து தோள் தொடங்கும் மேட்டருகே குதிரை சட்டெனச் சிலிர்த்ததைக் கண்டு கையை எடுத்தார்.

"இங்கதாம்மா கடிக்குது," என்றார். "பழைய சேணத்துக்கு உள்சட்டம் குறுகல். தாவுறப்ப தோளு மேல எந்திரிக்கும்ல, அதுக்கு இது எடம் விடல. வலிக்கும்னு தெரிஞ்சு எந்த உசுரு தாவும்?"

தான் சொன்னது மெய்யாயிற்று என்ற மகிழ்ச்சியும், இத்தனை திங்கள் வலியோடு அதைத் தாவச் சொன்னோமே என்ற வருத்தமும் ஒருங்கே எழ, மணிமேகலை குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில், முன்பே தைத்திருந்தவற்றுள் கார்முகிலின் அளவுக்கு ஏற்ற மூன்று சேணங்கள் மரக்குதிரைகளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அவள் குனிந்து அவற்றின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். மெழுகிட்ட ஒரே நூலின் இருமுனையிலும் ஊசி கோத்து, இருபுறமிருந்தும் ஒரே துளையில் எதிரெதிரே செலுத்தி இழுத்த தையல். ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிரியாத தையல். முதலாவது, பனங்கருப்பட்டியின் நிறம். ஓரமெல்லாம் மாங்காய்க் கொத்தும் கொடியும் அழுத்திப் பதித்த பூவேலை. அதில் அமர்ந்தவள், இருக்கை ஆழமாய்த் தன்னைப் பிடித்து வைத்துக்கொள்வதை உணர்ந்தாள். விழ அஞ்சுவோர்க்கு அது நன்று. தாவும் நொடியில் எழுந்து முன்சாய வேண்டியவளுக்கு அது தளை. இரண்டாவது இறகுபோல் எடையற்றது. ஆனால் கால் ஊன்றும் அங்கவடியைக் குறுக்கிக் கால்மடித்தபோது அவள் முழங்கால், சேணத்தின் இருபுறமும் தொங்கும் பக்கத்தோலைத் தாண்டி வெளியே போயிற்று. மூன்றாவது வேலைப்பாடு ஏதுமற்றது. பக்கத்தோல் முன்னோக்கி வளைந்து முழங்காலுக்கு இடங்கொடுத்தது. இருக்கை தாங்கியதேயன்றித் தடுக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு பத்துமுறை எழுந்து அமர்ந்து பார்த்தாள். பின்பு இறங்கி அதன்மேல் கைவைத்தாள்.

"அந்தப் பூவேலையப் பாத்து மயங்காத ஆள ஒங்களத்தான் பாக்குறேன்," என்று சௌகத் அலி சிரித்தார்.

"பூ எங்க வீட்டுல நெறையக் கெடக்கு பாய்," என்றாள் அவள்.

அன்று மாலையே கார்முகில் தன் விடையைச் சொல்லிற்று. அரைமணி நேரம் ஓட்டியபின் சேணத்தைத் தூக்கிப் பார்த்தால், முதுகெலும்பின் இருபுறமும் வியர்வை ஒருசீராய்ப் படிந்திருந்தது. அழுத்தம் மிகுந்த இடத்தில் காணும் உலர்ந்த திட்டு ஒன்றுகூட இல்லை. ஐந்து தடைகளை அது விளையாட்டாய்க் கடந்திருந்தது.

இனிக் காலணி. குதிரையோடு ஆள் பேசுவது கெண்டைக்காலால். காலின் மெல்லிய அழுத்தம் ஒவ்வொன்றும் ஒரு சொல். காலணி தொளதொளத்தால் அச்சொல் குழறும். மணிமேகலையின் பழைய இணை கணுக்காலில் சரிந்து அடித்தோலும் பிளந்து போயிருந்தது. பட்டறையில் நெடுங்காலணி தைப்பவர் சௌகத் அலியின் தங்கை நசீம் பானு. பெண்களின் கால்களை அவரே உள்ளறையில் அளப்பார். அதுவும் நாள்முழுதும் நடந்து கால் சற்றே பருத்திருக்கும் மாலைப்பொழுதில்தான் அளப்பார். முழங்காலுக்குக் கீழே ஆறு இடங்களில் நாடா சுற்றி, நிற்கும்போது ஓரளவும் அமரும்போது ஓரளவும் குறித்துக்கொண்டார். வெளிப்புறம் கன்றுத்தோல்; உட்புறம், அய்யலூர்ச் சந்தையில் கைமாறி வந்த வெள்ளாட்டின் மெல்லிய தோல். கன்றுத்தோலைப் பகல் வெளிச்சத்தில் வளைத்து வளைத்துப் பார்த்து, கழுத்துப்புறத்துச் சுருக்கம் ஓரிழையும் கலவாமல், முதுகுப்பகுதியிலிருந்தே இரண்டு காலுக்கும் வெட்டினார். அவ்வெட்டைக் கண்ட எவர்க்கும் அக்கைகளைக் கும்பிடத்தான் தோன்றும்.

அடுத்த வாரப் புதன்கிழமை அணிந்து பார்க்க அழைத்தார். கருநாவற்பழத்தின் பளபளப்போடு முழங்கால்வரை ஏறி நின்ற அக்காலணிகள், தோலின்மேல் தோலாய் ஒட்டிக்கொண்டன. நிலைக்கண்ணாடிமுன் நின்ற மணிமேகலைக்குக் கண்கள் பனித்தன. இந்நாள்வரை பிறர் போட்டுக் கழித்தவற்றையே அணிந்து பதக்கம் வென்றவள் அவள். தனக்கென்று, தன் காலுக்கென்று ஒருவர் தைத்தது இதுவே முதன்முறை.

கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தவாறே நசீம் பானு, "பிடிக்குதா?" என்று கேட்டார்.

"ரொம்பப் பிடிக்குதுக்கா," என்றாள் அவள்.

அன்பரே, இவ்விடத்தில் நம் தமிழைச் சற்றே கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மனத்துக்கு இனிப்பதையும் உடலை இறுக்குவதையும் இந்நிலத்தார் 'பிடிக்குது' என்னும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டனர். கேட்டவர் காலைக் கேட்டார். சொன்னவள் நெஞ்சைச் சொன்னாள். கண்ணீரையும் கண்டதால், பாவம், பிள்ளைக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்று நசீம் பானு உருகிப்போனார். அன்றே பின்தையலைப் பிரித்து, அரைவிரல் அகலத்துக்கு ஒட்டுத்தோல் வைத்து, தம் வாழ்நாளின் மிகச்சிறந்த இணையைத் தம் கையாலேயே கெடுத்தார்.

சனிக்கிழமை காலணி களத்துக்கு வந்து சேர்ந்தது. அணிந்ததுமே மணிமேகலைக்கு நெருடியது. ஆயினும் உலகே புகழும் கைகள் காரணமின்றித் தளர்த்தியிருக்குமா என்று தன்னையே ஐயுற்று, வாய்திறவாது குதிரை ஏறினாள். ஒவ்வொரு பாய்ச்சலிலும் தளர்ந்த தோல் கார்முகிலின் விலாவில் தட்டிற்று. எது கட்டளை, எது வெறுந்தட்டு என்று புரியாத குதிரை மூன்றாம் தடைமுன் வந்து குழம்பி நின்றது. வேலியோரம் நின்று இதைக் கண்ட சகாயராஜ், "நாளைக்குப் பாக்கிறதுக்கு என்ன இருக்கு? எட்டு மணிக்கு வண்டிய வரச் சொல்லிர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணிமேகலை கைபேசியை எடுத்தாள். "அக்கா, காலு லொடலொடன்னு ஆடுது. கார்முகிலு நின்னுருச்சு. நாளைக்கு அத ஏத்திட்டுப் போயிருவாங்க."

"நீதானம்மா ரொம்பப் பிடிக்குதுன்ன? அதான் அரை வெரல் விட்டுத் தச்சேன்."

"மனசுக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்க்கா. காலப் பிடிக்குதுன்னு சொல்லலையே."

மறுமுனையில் ஊசிப்பெட்டி ஒன்று திறபட்ட ஓசை எழுந்தது. பின்பு, "விடியவும் வாரேன். குதிரைய வண்டியில ஏத்த விடாத," என்று மட்டும் கேட்டது.

ஞாயிறு விடிந்ததும், ஊசிப்பெட்டியைக் கையிலேந்தி நசீம் பானு களத்துக்கு வந்தார். வந்தவர் மணிமேகலையிடம் செல்லவில்லை. நேரே சகாயராஜ் முன் போய் நின்றார். களத்தின் மற்ற வீரர்களும் குதிரை பராமரிப்போரும் சூழ்ந்து நின்றனர். அவர்களுள் பலர் அவரிடம் காலணி தைத்துக்கொள்ளத் தவம் கிடப்பவர்கள்.

"நேத்து குதிரை நின்னது குதிரை குத்தம் இல்ல சார், இந்தப் பிள்ளை குத்தமும் இல்ல," என்றார். "என் குத்தம். சரியா இருந்த காலணிய நாந்தான் கெடுத்தேன். அவ சொன்னத நான் தப்பா வெளங்கிக்கிட்டேன். செத்த நேரம் குடுங்க, சரி பண்ணித் தாரேன். அதுக்கப்பறமும் நின்னுச்சுன்னா நீங்க நெனச்சதச் செய்யுங்க."

சகாயராஜ் வியந்து பார்த்தார். பிழை நேர்ந்தால் தோலைப் பழிக்கும், நூலைப் பழிக்கும், அணிந்தவரின் காலையே பழிக்கும் கைவினைஞர்களை அவர் அறிவார். இத்தனை பேர் நடுவே தம் பெயரைத் தாமே தாழ்த்திக்கொண்டவரை அவர் கண்டதில்லை. எடுத்த முடிவைப் பிள்ளைபோல் பேணும் அம்மனிதர், அன்று முதன்முறையாக அதைக் கீழே இறக்கி வைத்தார். "வண்டி வந்தா நிக்கட்டும்," என்றார்.

காலணியை முறையாய்க் குறுக்கி, அச்சிலேற்றி, நனைத்து உலர்த்த இரண்டு நாளாகும். இருந்ததோ ஒருமணிப்பொழுது. ஆதலால் நசீம் பானு மணிமேகலையைத் தீவன மூட்டையின்மேல் அமர்த்தி, காலணியை அணியச் செய்து, மண்ணில் மண்டியிட்டு, காலின்மேல் வைத்தே தைக்கத் தொடங்கினார். சதைக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய தகடொன்றைச் செருகி, தளர்ந்த தோலை மடித்துப் பிடித்து, குத்தூசியால் துளையிட்டு, இரண்டு ஊசிகளையும் எதிரெதிரே இழுத்தார். புண்பட்ட உடல் ஆறும். தோலில் விழுந்த துளை ஆறாது. காலுக்கு நாற்பது துளைகள். பிறர் ஒரு கீறலோடு தந்தால் திருப்பி அனுப்பிவிடும் அவர், நாவற்பழப் பளபளப்பின் நடுவே தம் கையால் எண்பது துளைகள் இட்டார். ஒவ்வொரு துளைக்கும் அவர் முகம் சுருங்கியதை மணிமேகலை கண்டாள். கடைசி முடிச்சு விழுந்தபோது காலணி மீண்டும் அவள் காலாயிற்று.

கார்முகில் களமிறங்கியது. முதல் தடையையும் இரண்டாவதையும் கடந்து, நேற்று நின்ற மூன்றாவதை நெருங்கியபோது அதன் காதுகள் ஒருகணம் பின்னோக்கித் திரும்பின. தன் சொல்லைக் கேட்க அது காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கெண்டைக்காலை மெல்ல ஒருமுறை அழுத்தினாள். அவ்வொரு சொல் தெளிவாய்ப் போய்ச் சேர்ந்தது. கரிய உடல் மண்ணைவிட்டு எழ, தோள்கள் சேணத்தின்கீழ் தடையின்றி உயர, அவள் அதன் கழுத்தோடு சாய்ந்து காற்றில் நின்றாள். அதன்பின் பதினொன்றாவது தடைவரை ஒரு கழிகூட அசையவில்லை. சகாயராஜ் தொப்பியைக் கழற்றிக் குதிரையின் நெற்றியைத் தடவி, "கோயமுத்தூருக்குப் பேரக் குடுத்துரு," என்றார். வாயிலில் நின்ற வண்டி வெறுமையாய்த் திரும்பிப் போயிற்று.

தைத்ததைக் கழற்ற நூலை அறுக்கத்தானே வேண்டும்? நசீம் பானு மீண்டும் மண்டியிட்டு, தம் தையலைத் தாமே ஒவ்வொன்றாய் வெட்டினார். மணிமேகலை விம்மி அழுதாள். இம்முறை அவர், "வலிக்குதா, இல்ல சந்தோசமா? தெளிவாச் சொல்லிரு தாயி," என்று கேட்க, அழுதவளும் சிரித்துவிட்டாள்.

கோவைக்கு அவள் சென்றது நசீம் பானு புதிதாய்த் தைத்துத் தந்த இணையை அணிந்துதான். துளை விழுந்த இணையைத் தனக்கே தருமாறு அவள் எவ்வளவோ கெஞ்சியும் நசீம் பானு கொடுக்கவில்லை. மூலையில் ஒளித்து வைக்கவுமில்லை. பூவேலைச் சேணங்களும் அயல்நாட்டார் விரும்பும் காலணிகளும் அணிவகுத்த பட்டறை முகப்பில், நடுத்தட்டில், அவ்விணையை நிறுத்தி வைத்திருக்கிறார். இதென்ன பின்புறம் முழுதும் துளை என்று கேட்போர்க்கெல்லாம், கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொல்கிறார். தம் கையின் திறத்தைக் கடைமுகப்பில் வைப்போர் உலகில் பலர். தம் காதின் பிழையை அங்கே வைத்தவர் ஒருவரையே நாம் அறிவோம்.