இரண்டாம் தடவை கேட்கவில்லை

நினைவு நாள் ஆராதனைக்கு வந்தவர்கள் மழை விடட்டும் என்று தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காத்திருந்தார்கள். போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கல்லறைத் தோட்டத்தில், திறந்த வெளியில் நின்று ஜெபிப்பதுதான் வழக்கம். கொட்டுகிற மழையில் அதற்கு வழியில்லை. பெண்கள் பெரிய பாத்திரத்தில் காப்பி வைத்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விதைப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம், எல்ம் மரங்களுக்குக் கீழே, பக்கத்து ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோஷம் இல்லை, பாட்டு இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான். 1970ஆம் வருடத்து மே மாதம் அது. நாடு முழுக்கக் கல்லூரிகள் கொதித்துக்கொண்டிருந்தன. மின்னசோட்டாவின் இந்த மூலைக்கு அந்தக் கொதிப்பு வந்து சேர இத்தனை நாள் பிடித்திருந்தது.

தியா ஹாகென் படியிறங்கி வந்து ஈரக் குடையை உதறினாள். "பாவம், கோழிக்குஞ்சு மாதிரி நனையுதுங்க. காப்பியும் கேக்கும் கொண்டுபோய் நீட்டினேன். தாடி வச்ச ஒருத்தன் உடனே எடுத்துக்கிட்டான்."

"முதல் தடவையேவா?" என்றாள் அடுப்படியில் இருந்தவள்.

"முதல் தடவையேதான். கேக்கு ரெண்டு துண்டு."

"எந்த ஊராம்?"

"சிகாகோ."

"அதான பாத்தேன்."

பெண்கள் சிரித்தார்கள். அந்த ஊரில் யாரும் எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்வதில்லை. காப்பியோ, வண்டியில் ஒரு இடமோ, அறுப்புக்கு ஓர் ஆள் உதவியோ, எதுவானாலும் சரி. முதலில் கேட்டால் "வேண்டாம்" என்பார்கள். மறுபடி கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். அதற்கு மேலும் கேட்டால்தான் கை நீளும். நார்வேயிலிருந்து வந்த தாத்தாக்களோடு கப்பலில் கூடவே வந்த பழக்கம். கேட்கிறவருக்கும் அது தெரியும் என்பதால் யாரும் பசியோடு திரும்பியதில்லை.

ஹால்வோர் லீன் ஜன்னல் ஓரத்தில் தனியாக நின்றார். ஐம்பது வயது. இத்தாலியில் சண்டை போட்டுத் திரும்பியவர். கறுப்புக் கோட்டில் அந்தக் காலத்துப் பதக்கம். அவருடைய மகன் ஆர்லன் ஜனவரியில் வியட்நாமில் இறந்தான். தரை உறைந்து கிடந்ததால் பெட்டி பனிக்காலம் முழுக்கக் காத்திருந்து, ஏப்ரலில்தான் மண்ணுக்குப் போயிற்று. மேட்டில் இன்னும் புல் பிடிக்கவில்லை. கல்லறையருகே நின்று இன்று இரண்டு வார்த்தை பேசும்படி போதகர் எங்கென் கேட்டிருந்தார். இரண்டு தடவை மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டார் ஹால்வோர்.

என்ன பேசுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று தகப்பன் எழுதிக் கொடுத்தால், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற குழு பையனை விட்டுவிடும். மாட்டுக்கொட்டிலில் வைத்து ஹால்வோர் மகனிடம் கேட்டார். அவன் வேண்டாம் என்றான். போகாமல் இருக்க வழியிருந்தும் போனான். சாவுச் செய்தி வந்த வாரத்து இரங்கல் ஆராதனையில் போதகர் இதைச் சொல்லித்தான் பிரசங்கம் செய்தார். ஐந்து மாதமாக ஹால்வோர் படுப்பதும் எழுவதும் அந்த ஒரு சங்கதியின் பலத்தில்தான். பிள்ளையை யாரும் தன்னிடமிருந்து பிடுங்கவில்லை, பிள்ளை தன்னைத்தானே கொடுத்தான். கர்த்தருடைய பந்தியில் அப்பத்தை வாங்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வார்.

"ஹால்வோர்," என்றார் பக்கத்தில் வந்து நின்ற சிகுர்ட் மோ. ஆள் எடுக்கிற குழுவில் உட்காருகிறவர். ஹால்வோரோடு ஒரே கப்பலில் இத்தாலிக்குப் போனவர். "அந்தப் பச்சைக் கோட்டு, உன் பொண்ணு இல்ல?"

மார்லிஸ்தான். தியா திரும்பிய பிறகுதான் வந்திருக்க வேண்டும், பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் போர் பிடிக்காது என்பது ஹால்வோருக்குத் தெரியும். கல்லூரியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், நினைவு நாளில் மட்டும் ஊர் முன்னால் வந்து நிற்காதே என்று போனில் கேட்டிருந்தார். வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"வளர்ப்பு," என்றார் சிகுர்ட், யாரிடமும் இல்லாமல்.

ஹால்வோர் குடை எடுக்காமல் மேலே ஏறிப் போனார். பாதிச் சாலையைக் கடந்தபோது பலகையில் இருந்தது தெரிந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ட். மூன்று வரி.

ஆர்லன் லீன்.
வயது இருபது.
யாரும் அவனை இரண்டாம் தடவை கேட்கவில்லை.

சிகாகோவிலிருந்து வந்த பையனுக்கு அது அரசாங்கத்தைச் சொல்கிற வாசகமாகப் பட்டிருக்கும். இந்த ஊரில் அதைப் படிக்கிற எவருக்கும் விளக்கம் வேண்டாம்.

"இன்னிக்கு வரமாட்டேன்னு சொன்ன," என்றார்.

"சொன்னேன்ப்பா."

"பொய்யா அது?"

"சொன்னப்போ பொய் இல்ல. நீங்க இன்னிக்குப் பேசப் போறீங்கன்னு தியா பெரியம்மா சொன்னாங்க. மறுபடியும் அதையே சொல்லுவீங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க. என்னால பொறுக்க முடியல."

தாடிக்காரப் பையன் முன்னால் வந்தான். "சார், உங்க மகனைக் கொன்னது யாருன்னா..."

"டென்னிஸ், நீ சும்மா இரு. இது எங்க வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயத்தப் பலகைல எழுதி ரோட்ல புடிச்சிக்கிட்டு நிக்கிற," என்றார் ஹால்வோர். "நான் அவன்கிட்ட கேட்டேன். வேண்டாம்னான். அவன் வாயால சொன்னான்."

"ஒரு தடவை கேட்டீங்க. ஒரு துண்டு கேக்குக்கு மூணு தடவை கேக்கற ஊருப்பா இது."

"எங்க காலத்துல ஒரு தடவைகூட யாரும் கேக்கல. கூப்பிட்டாங்க, போனோம். பக்கத்துல நின்னவன் விழுந்தான், அவனைத் தாண்டிக்கிட்டு நடந்தோம். உங்களுக்குத்தான் எல்லாத்தையும் கெஞ்சிக் கேக்கணும். அப்பவும் முடியாதும்பீங்க."

"நீங்க உங்களைக் கொடுத்தீங்க. அதை நான் என்னிக்காவது குறை சொல்லியிருக்கேனா? அவனைக் கொடுத்தது யாரு?"

"பிதாவே தம்ம மகனைக் கொடுத்தாரு," என்றார். ஐந்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த கைத்தடி அது.

"நீங்க பிதா இல்லப்பா."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் அவள் மூக்கு நுனியில் சொட்டியது. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இருந்த முகம்.

"அவன் மரியாதைக்குத்தான் வேண்டாம்னான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா?"

மார்லிஸ் அவருக்குப் பின்னால் பார்த்தாள். தேவாலயப் படியில் ஏப்ரனோடு அவர் மனைவி போர்ஹில்ட் நின்றுகொண்டிருந்தாள். அவளும் பலகையைப் படித்திருந்தாள் என்பது அவள் கையால் வாயைப் பொத்தியிருந்ததிலேயே தெரிந்தது.

"அம்மாகிட்ட கேளுங்க," என்றாள் மகள்.

ஹால்வோர் கீழ்க்கூடத்துக்கு இறங்கி வந்தபோது போர்ஹில்ட் சமையலறைக்குத் திரும்பியிருந்தாள். மற்ற பெண்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். தியா போகிறபோது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

"ஈஸ்டர் அன்னிக்கு அவகிட்ட சொல்லி அழுதேன்," என்றாள் போர்ஹில்ட். "யார்கிட்டயும் சொல்லாதடின்னேன். பெயின்ட்ல எழுதிட்டா."

"என்னத்தச் சொல்லாதன்ன?"

அவள் கத்தியைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "நீங்க கேட்ட அன்னிக்கு, பால் கறந்துட்டு வந்து கை கழுவிக்கிட்டே சொன்னான். 'அப்பா கேட்டாரும்மா. இன்னொரு தடவை கேட்டா சரின்னுடுவேன்'னு. சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னான்."

ஹால்வோர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன். மறுநாள் கேப்பீங்க, இல்லன்னா ஞாயித்துக்கிழமை கேப்பீங்கன்னு. யாரையும் ஒரு தடவையோட விடுற ஆளு இல்லையே நீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

"நான் சொல்லிக் கொடுத்து நீங்க கேட்டா, அவன் ஆள் விட்டுக் கேக்க வச்ச மாதிரி ஆயிடுமே. அவனுக்கு அவமானமா இருக்கும்னு நெனச்சேன். காத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவங்க கூப்பிட்டுட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "நானா போய் உங்க காலைப் புடிச்சிருக்கணும். தெரியும். தினம் தெரியுது."

இருபத்தைந்து வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள். போதகர் அந்தப் பிரசங்கத்தைச் செய்தபோது ஹால்வோர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் தெரிந்திருக்கிறது. மகளுக்குத் தெரிந்திருக்கிறது. மகனும்தான் என்ன செய்தான்? மாட்டுக்கொட்டிலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, சமையலறையில் வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சொந்த வீட்டில் அவர் மட்டும் விருந்தாளிபோல இருந்திருக்கிறார்.

அதற்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் பிரசங்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் போலும். அன்று கொட்டிலில் மகன் வேண்டாம் என்றதும் மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நிம்மதிதான் அது. குழுவில் சிகுர்ட் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, என் பையனை விட்டுவிடுங்கள் என்று நிற்க வேண்டியதில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார்.

மழை விட்டது. மேலே மணி அடித்தார்கள்.

எல்லோரும் புல்லில் கால் நனைய நடந்தார்கள். போதகர் ஜெபித்துவிட்டு ஹால்வோரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் புல் முளைக்காத மேட்டருகே போய் நின்றார். சாலைக்கு அப்பால் பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். அவருடைய மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என் மகன் ஆர்லன்," என்றார்.

அடுத்த வாக்கியம் வாய்வரை வந்தது. சொல்லியிருக்கலாம், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நாக்கு அதை எடுக்கவில்லை. காற்றில் மரத்துத் தண்ணீர் உதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"நல்ல பையன்," என்றார். "ஜெபத்த முடிச்சிருங்க பாஸ்டர்."

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் சிகுர்ட் மோ நடக்கத் தொடங்கியிருந்தார். தோட்டத்து வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி. "எங்க நாளு இது. உங்க அழுக்க இங்க கொண்டுவர உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று அவர் சொல்வது எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பையன் மயிரிழைகூடப் பயப்படல. உன்னாலதான் உங்கப்பன் ஊருக்கு முன்னால வாயடைச்சு நிக்கிறான்." மார்லிஸ் கையிலிருந்து பலகையைப் பிடுங்கி வண்டித் தடத்துச் சேற்றில் எறிந்தார். அது முகம் குப்புற விழுந்தது. தாடிப் பையன் கையை ஓங்கினான். மார்லிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹால்வோர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிகுர்ட் விலகி இடம் விட்டார், மிதிக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஹால்வோர் குனிந்து பலகையை எடுத்தார். சேறு வழிந்தது. கோட்டுப் பையிலிருந்து, காலையில் போர்ஹில்ட் மடித்துக் கொடுத்த கைக்குட்டையை எடுத்தார். மகனின் பெயரைத் துடைத்தார். பிறகு வயதை. மூன்றாவது வரிக்கு வந்ததும் கை நின்றது. அப்புறம் அதையும் துடைத்தார், எழுத்துக்கு எழுத்து, இடுக்கில் இருந்த சேறுகூடப் போகும்படி.

"ஹால்வோர், உனக்கென்ன பைத்தியமா?" என்றார் சிகுர்ட் மெதுவாக.

"அவன் பேரு சேத்துல கிடக்க வேண்டாம்."

பலகையை மகளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரல்கள் விறைத்துப்போய் நீலமாக இருந்தன.

"நீ செஞ்சத என்னால இன்னும் மன்னிக்க முடியல," என்றார். "உங்கம்மா செஞ்சதையும். முடியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும்ப்பா."

"நாள் ஆகும்."

அவள் தலையாட்டினாள். அவர் தன் கையுறைகளைக் கழற்றிப் பலகையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

போர்ஹில்ட் வண்டியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், கதவோடு ஒட்டி, இடையில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு. ஹால்வோர் ஏறி உட்கார்ந்தார். அவர் சாவியைத் திருப்பி ஹீட்டரைப் போட்டார். அதன் வாயை அவளுடைய நனைந்த கால்கள் பக்கம் திருப்பிவிட்டு, வண்டியை எடுத்தார்.