என் மகளின் முகம் நாலாம் வீட்டில்

எங்கள் குடியிருப்பில் எந்தப் படத்தையும் யாரும் தனியாகப் பார்க்க முடியாது. நான்கு வீடுகள், நான்கு கைபேசிகள்; எந்தக் காட்சி வந்தாலும் பங்கு பிரிந்துதான் வரும். எனக்குக் கால்கள். மேல்வீட்டுச் சவரிமுத்து அண்ணனுக்கு உடம்பும் கைகளும். எதிர்வீட்டுப் புனிதவதிக்குச் சத்தம். நாலாம் வீட்டுக் குஞ்சிதபாதத்துக்கு முகங்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மேசை போட்டுக் கைபேசிகளைச் சேர்த்து வைத்தால் முழு ஆளாகிவிடும். கிரிக்கெட்டிலிருந்து சாவு வீட்டு நேரலை வரை அப்படித்தான் பார்த்துவந்தோம்.

முகங்கள் தனக்கு வருவதில் குஞ்சிதபாதத்துக்குக் கர்வம். மேசைக்குக் கடைசியாகத்தான் வருவார். அதுவரை தலையில்லாத ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நாங்களும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்போம். "உங்க பங்கு இல்லாட்டியும் கதை புரியும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். போன மாதம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், இவரைச் செயலாளராக்கக் கூடாது என்று எழுந்து சொன்னேன். சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

என் மகள் தேன்மொழிக்கு டொராண்டோவில் கல்யாணம். எனக்கு விசா கிடைக்கவில்லை. அவள் அப்பாவும் உயிரோடு இல்லை. என் இடத்தில் மாப்பிள்ளையின் சித்தி நிற்பதாக ஏற்பாடு. அங்கே காலை முகூர்த்தம், இங்கே சாயங்காலம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். புனிதவதி கேசரி கிண்டிக் கொண்டுவந்திருந்தாள். சவரிமுத்து அண்ணன் சலவை வேட்டியில் வந்தார். குஞ்சிதபாதம் வரவில்லை.

நேரலை தொடங்கியது. மருதாணி வைத்த என் மகளின் பாதங்கள். ஒரு கட்டைவிரலால் இன்னொன்றை அழுத்திக்கொண்டிருந்தாள். பயந்தால் அப்படித்தான் செய்வாள். மாடியேறி நாலாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதி திறந்தார்.

"கீழே வாங்க சார். ஆரம்பிச்சிருச்சு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். பொண்ணு லட்சணமா இருக்கு."

"நான் அவளைப் பெத்தவ சார்."

"இருக்கட்டும். முகம் என் பங்கு. அதை எங்க உக்காந்து பாக்கணும்னு நான்தான் முடிவு பண்ணணும். வேணும்னா சங்கத்துல எழுந்து பேசுங்க."

"அழுறாளா, அதை மட்டும் சொல்லுங்க."

"சத்தம் புனிதவதிகிட்ட இருக்கு. அங்க கேளுங்க" என்று கதவைச் சாத்தினார்.

புனிதவதி கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டாள். "மேளத்துல ஒண்ணும் தெரியலக்கா" என்றாள்.

கைக்குழந்தையிலிருந்து நான் துடைத்துவிட்ட முகம். அதை வீட்டுக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒருவன் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கிறான். அதுவரை அவரை அவர் என்றுதான் சொல்லிவந்தேன். அன்று சாயங்காலம் அது எனக்கு வாயில் வரவில்லை.

பங்குகள் ஒன்றையொன்று விட்டுத் தெருவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பக்கம் காரியம் நின்றுவிடும். ஒருமுறை சவரிமுத்து அண்ணன் ஞாபகமில்லாமல் கைகளோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டதில், பந்து வீச ஆளில்லாமல் ஓர் ஆட்டமே நின்றது. நான் கைபேசியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் மடியில் கல்யாண வீட்டாரின் கால்கள் எல்லாம் இருந்தன.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் தேன்மொழி கூப்பிட்டாள்.

"அம்மா, எங்க போயிட்டிருக்க?"

"பஸ்ஸுல."

"தாலி கட்டி அக்கினியைச் சுத்தி வரணும்மா. இங்க யாருக்கும் காலைக் காணோம்."

"நாலாம் வீட்டுக்காரன் கீழே வரட்டும். அப்புறம் வரேன்."

"ஐயர் இன்னொரு கல்யாணத்துக்குப் போகணுமாம்."

"எப்படிப் போவார்?" என்றேன்.

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"உன் முகம் அவன் வீட்லதான் இருக்கு. நீயே கேளு."

பிறகு நடந்ததைப் புனிதவதி சொன்னாள். சத்தம் கேட்க வேண்டுமே என்று அவள் தன் கைபேசியை நாலாம் வீட்டு வாசலில் நீட்டிப் பிடித்திருக்கிறாள். உள்ளே என் மகளின் முகம் அவரைப் பார்த்து, "எங்கம்மாவைப் பாக்கணும் மாமா. என்னைக் கீழே கொண்டு போங்க" என்றிருக்கிறது. தேன்மொழி எதையும் இரண்டாம் முறை கேட்கமாட்டாள். முகத்தைப் பார்த்தால் அது தெரியும். அவர் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கியிருக்கிறார்.

நான் எதிர் பஸ்ஸில் திரும்பிவந்து என் கைபேசியை மேசையில் வைத்தேன். கால்களுக்கு மேலே உடம்பு நின்றது. உடம்புக்கு மேலே என் மகளின் முகம் வந்து உட்கார்ந்தது. கண்மை கரைந்து கன்னம் வரை வந்திருந்தது. "இந்தப் புடவை உனக்கு நல்லா இருக்கும்மா" என்றாள். மாப்பிள்ளை தாலி கட்டினார். மாப்பிள்ளை தாலி கட்டினார்.

அழுதிருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பெற்றவள் கேட்டபோது கதவைச் சாத்திய மனுஷன் எதிரில் உட்கார்ந்து கேசரிக்குக் கை நீட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. முந்திரி இல்லாத பக்கமாகப் பார்த்து எடுத்து வைத்தேன்.

கேசரி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சத்தம் புனிதவதி வீட்டுப் பக்கம் போயிற்று. மின்னல் சவரிமுத்து அண்ணனுக்கு. மண்வாசனை நேராக நாலாம் வீட்டுக்குள் நுழைந்தது. எனக்கு ஈரம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறினேன்.