ஆடி மாதத்துப் பாண்டு

ஆடி பிறந்தால் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் சடையப்பன் பாண்டு செட்டுக்கு வேலை கிடையாது. ஒரு மாதம் சும்மா இருந்தால் ஊதுகிற உதட்டுக்குப் பழக்கம் விட்டுப்போகுமாம். அதனால் சாயங்காலமானால் செட்டுக்காரர்கள் ஐந்து பேரும் அப்பாசாமியின் டீக்கடையில் உட்கார்ந்து, ஊர்வலத்தில் யாரும் காதில் வாங்காததையெல்லாம் இஷ்டத்துக்கு வாசிப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மதுவிலக்கு வருவதற்கு முன் அந்த டீக்கடை கள்ளுக்கடையாக இருந்தது, அதுதான் தெரியும். ஊரில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர் வேதாந்தம் பத்து நாளாக அங்கே போகிறார் என்று என் தம்பி உப்பிலி வந்து சொன்னான். சொன்னதோடு விட்டானா? செட்டில் ஒருவன் பித்தளைக் குழலைக் கவிழ்த்தபோது அதிலிருந்து ஏதோ சொட்டியதைக் கண்ணால் பார்த்தானாம். சாராயத்தை அதற்குள்தான் ஒளிக்கிறார்கள் என்று சத்தியம் செய்தான்.

வாத்தியார் குடிக்கிறார் என்று பெயர் வந்தால் வேலை போய்விடும். அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புத்தி அப்படிப் போகவில்லை. நீயே பார்த்து ஏதாவது செய் என்று உப்பிலியிடம் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, உப்பிலி ஒரு போலீஸ்காரரை அழைத்துப் போனான். போலீஸ்காரர் குழலைக் கவிழ்த்து, உள்ளங்கையில் விழுந்ததை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எச்சில். ஊதுகிற மூச்சு உள்ளே தண்ணீராகச் சேருமாம். கொட்டினால்தான் மறுபடி ஊத முடியும். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அப்பாசாமி பயந்துபோய், இனிமேல் இங்கே வாசிக்க வேண்டாம் என்று செட்டை அனுப்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து இவர் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தார். நான் வேண்டியதும் அதுதானே? சாப்பிட்டார், சுவரைப் பார்த்தார், படுத்தார். மூன்றாம் நாள் இலையில் உட்கார்ந்தவர் தானாகவே பேசினார்.

"அந்தப் பாண்டுக்காரா தப்பா வாசிச்சா சிரிச்சுண்டே மறுபடி ஆரம்பிப்பா, காமு. எட்டடி தூரத்துலே உட்கார்ந்து அதைப் பார்க்கணும். நாள் பூரா அடுத்தவா தப்பைத் திருத்தறவனுக்கு அது எப்படி இருக்கும் தெரியுமோ? எந்தப் பாவியோ நிறுத்திட்டான்."

பாவி மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு டீக்கடைக்குள் நுழைந்தேன். பொம்மனாட்டி யாரும் அங்கே கால் வைத்ததில்லை. போலீஸ் வந்ததற்கு நான்தான் காரணம் என்று அப்பாசாமியிடம் சொல்லி, செட்டைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "போலீசு வந்துபோன கடைம்மா. மறுபடி பாட்டு வெச்சா, கள்ளுக்கடைதான் நடத்திகினு கீறான்னு ஊரு சொல்லாதா?"

"வாத்தியாராத்து மாமி பெஞ்சுலே உட்கார்ந்திருந்தா யார் சொல்லுவா?" என்றேன்.

உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பாசாமி சொல்லியனுப்ப, சடையப்பன் ஆட்களோடு வந்து கிளாரினெட்டை எடுத்தார். முதல் பாட்டிலேயே டிரம்காரர் தாளம் தப்பிவிட்டார். ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நிமிர்ந்தால், வாசலில் என் வீட்டுக்காரர். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் தெருவில் என்னோடு சேர்ந்து நடந்தவரில்லை. நாலடி முன்னால்தான் போவார்.

"அந்தப் பாவி நான்தான்" என்றேன்.

அவர், அத்தனை பேர் பார்க்க, என் பக்கத்தில் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.